போத்தலுக்குள் அடைத்த பஞ்சு

கேள்வி: அன்புள்ள மிஸ்ஸி, நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம். என் தம்பிக்கு 34 வயது. கட்டாரில் வேலை செய்தவன். ஆறு வருஷத்துக்கு முதல் அங்கே மெடிக்கலில் எச்.ஐ.வி. இருக்கென்று வந்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே மட்டக்களப்பில் கிளினிக்கில் பதிந்து ஒழுங்காகக் குளிசை எடுத்தான். போன வருஷம் ரத்தத்தில் வைரஸ் காணவில்லை என்று சொன்னார்களாம். வீட்டில் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். தைப்பொங்கலுக்குப் பிறகு அவன் கிளினிக்குக்குப் போகவே இல்லை. கேட்டால் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்கிறான். போன கிழமை அறையைக் கூட்டும்போது அலுமாரிக்குப் பின்னால் போத்தலைக் கண்டேன். பாதிக்கு மேல் குளிசை அப்படியே இருந்தது, மேலே பஞ்சு அடைத்திருந்தது. அம்மா அவனுக்குக் கலியாணம் பேசுகிறா. குளிசையை அரைத்துத் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கலாமா? எடுக்காவிட்டால் அம்மாவிடம் சொல்வேன் என்று வெருட்டலாமா? பெண் வீட்டுக்கு நான் சொல்ல வேண்டுமா? எனக்கு நித்திரை இல்லை.
ஓர் அக்கா

பதில்: மகள், உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் அந்தப் பஞ்சில்தான் வந்து நின்றேன்.

முப்பது குளிசை கொண்ட பிளாஸ்டிக் போத்தலைக் கையில் எடுத்தாலே கிலுகிலுக்கும். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது பைக்குள்ளிருந்து அது போடும் சத்தம், வைத்திருக்கிறவருக்கு ஊர் முழுக்கக் கேட்பது போல இருக்கும். பக்கத்தில் இருக்கிறவர் சும்மா "என்ன மருந்து தம்பி?" என்று கேட்டாலே நெஞ்சு அடைத்துவிடும். அதனால்தான் பஞ்சு. நான் கிளினிக்கில் தாதியாக இருந்த காலத்தில் இதைப் போல எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாசலைத் தாண்டுவதற்கு முதலே நகத்தால் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒரு தாய் மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தா.

இப்படி யோசித்து யோசித்துக் காப்பாற்றி, ஆறு வருஷம், அதாவது 2000 இரவுகளுக்கு மேல் விடாமல் மருந்து எடுத்த ஆளைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நீங்களும் அந்தச் சொல்லை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். மருந்து நல்லது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தவர் நிறுத்தினார் என்றால், வழியில் எங்கோ ஓர் இடத்தில் தடக்கியிருக்கிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. குளிசையை எண்ணுவது உங்கள் வேலை இல்லை.

எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. தை பிறந்ததும் நம் வீடுகளில் கலியாணப் பேச்சு தொடங்கும். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுக்கு எழுதினது. மாமியார் அதே வளவுக்குள், மச்சினிமார் வேலிக்கு அந்தப் பக்கம். இத்தனை நாளும் அவருக்கென்று ஓர் அலுமாரியும் அதற்குப் பின்னால் ஒரு சாண் இடமும் இருந்தது. அங்கே போனால் அந்தப் போத்தலை எங்கே வைப்பார்? இதற்கு விடை கிடைக்காமல் போனவர்கள், "சரி, காணவில்லை என்றுதானே சொன்னார்கள், இனி வேண்டாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்த சந்தோஷமே அந்த முடிவுக்கு ஒரு சாட்டாகிவிடுகிறது.

என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். கிளினிக் வாங்கில் ஊராள் ஒருவரைக் கண்டிருக்கலாம். புதிதாக வந்த சிற்றூழியர் சொந்தக்காரராக இருக்கலாம். கிளினிக் நாளில் ஒரு நாள் கூலி போவது தாங்க முடியாமல் இருக்கலாம். சிம் மாற்றியிருப்பார், அங்கிருந்து எடுத்த போன் பழைய இலக்கத்துக்குப் போயிருக்கும், ஒரு திகதி தவறியிருக்கும், மறுபடி போக வெட்கம் வந்திருக்கும். இந்தக் கடைசிக் காரணத்தை லேசாக நினைக்காதீர்கள். ஒரு தவணை தவறியவர் இரண்டாவதையும் தவறவிடுவது பெரும்பாலும் வெட்கத்தால்தான்.

இலங்கையில் வளர்ந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆயிரத்துக்கு ஒருவரைவிடக் குறைவு. நாட்டுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அந்த ஒருவருக்கு அது பெரிய தனிமை. நீரிழிவுக் கிளினிக்குக்குப் போகிறவருக்குத் தெருவில் பத்துப் பேர் கூட்டு. உங்கள் தம்பிக்கு நீங்கள் ஒருத்திதான்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வாவிக்குக் குறுக்கே போட்ட மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முந்திய காலம். வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் கிளினிக்குக்கு வருவா. படகுப்பாதை ஏறி, பிறகு பஸ் பிடித்து வர வேண்டும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் இரண்டு தவணை வரவில்லை. மூன்றாவது மாதம் வந்து நின்றா. காலில் சேறு காய்ந்து கிடந்தது. கிளினிக் துண்டை வெற்றிலைப் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தா. அன்று கூட்டம் அதிகம். நான் தலையை நிமிர்த்திப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்கால போன நீங்க இவ்வளவு நாளும்? சாகிறதுக்கா இந்த மருந்து தாறம்?" என்று கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. அன்று மருந்தை வாங்கிக்கொண்டு போனா. மறுபடி வந்தது பதினாலு மாதத்துக்குப் பிறகு, ஒரு மகன் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இருமலோடு. காசநோய். தப்பிவிட்டா. உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னா: "மிஸ்ஸி, நோய்க்கு நான் பயப்படல்ல. உங்கட சத்தத்துக்குத்தான்."

அந்தப் பதினாலு மாதத்துக்கு நான் பொறுப்பு. அதற்குப் பிறகு பிந்தி வந்த யாரிடமும் "ஏன் வரவில்லை" என்று நான் கேட்டதில்லை. "வந்தது நல்லது, இருங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்றுதான் தொடங்குவேன். ஏன் என்பதை அவர்களே சொல்வார்கள், கொஞ்சம் பொறுத்து.

நீங்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும், மகள். வீட்டுக்குள் வேண்டாம், அம்மாவின் காது இருக்கிறது. வயலுக்கோ வாவிக் கரைக்கோ அவரோடு நடந்து போங்கள். முகத்தை முகம் பார்த்துக் கேட்கும்போது வராத பதில், பக்கத்தில் நடக்கும்போது வரும். "தம்பி, அறை கூட்டக்குள்ள போத்தலக் கண்டன். ஏச வரல்ல. என்ன நடந்த?" அவ்வளவுதான். போத்தலைக் கண்டதை மறைக்காதீர்கள், ஒளித்து ஒளித்துப் பார்த்ததாக நினைத்துவிடுவார். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அவர் ஒரு மணித்தியாலம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கு மறுபடி நடக்கலாம்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு, வைரஸும் காணல்லத்தானே" என்று சொன்னால், அதற்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. நம் வயலில் கோரை பிடுங்குவோம். மேலே பார்த்தால் துப்புரவாக இருக்கும். கிழங்கு அடியில் கிடக்கும், தண்ணி பாய்ந்ததும் முளைக்கும். எச்.ஐ.வி.யும் அப்படித்தான். உடம்பின் சில எதிர்ப்புக் கலங்களுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும். மருந்து அங்கே எட்டாது, ஆனால் வெளியே வந்து பெருக விடாது. "காணவில்லை" என்றால் ரத்தத்தில் அளக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று அர்த்தம், போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. குளிசையை நிறுத்திய பெரும்பாலானோருக்கு இரண்டு தொடக்கம் நாலு கிழமைக்குள் வைரஸ் ரத்தத்தில் திரும்ப ஏறிவிடும். அவர் ஒன்றும் உணரமாட்டார். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், உடம்பு நல்லாத்தான் இருக்கும். அதுதான் ஏமாற்றுவது.

"கொஞ்ச நாள் விட்டுவிட்டுப் பிறகு எடுக்கலாமே" என்ற யோசனையை மருத்துவர்களே ஒரு காலத்தில் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஸ்மார்ட் என்று ஓர் ஆய்வு. 33 நாடுகளில் 5000க்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறையும்போது தொடங்கியவர்களுக்கு, விடாமல் எடுத்தவர்களைவிட, கடும் நோயோ சாவோ நேரும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று 2006இல் தெரியவந்தது. அந்த யோசனை அத்தோடு கைவிடப்பட்டது. இதை அவருக்குச் சொல்லுங்கள். அவர் முட்டாள்தனமாக யோசிக்கவில்லை, படித்தவர்களும் யோசித்துப் பார்த்துப் பிழை என்று கண்டது இது.

சரி, இப்போது உங்கள் மூன்று கேள்விகள்.

அரைத்துக் கலப்பது: வேண்டவே வேண்டாம். ஒரு நாள் தேத்தண்ணியில் கசப்புத் தெரியும். அன்றோடு உங்கள் கையால் தண்ணி கூட வாங்கிக் குடிக்கமாட்டார். இந்த வைத்தியம் இன்னும் நாற்பது வருஷம் நடக்க வேண்டியது. அவருடைய சம்மதத்தோடு மட்டும்தான் அவ்வளவு தூரம் போகும். அதோடு, இவ்வளவு நாள் விட்ட மருந்தை மருத்துவர் பார்க்காமல் வீட்டில் திரும்பத் தொடங்குவதும் சரியில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அம்மாவிடம் சொல்வேன் என்று வெருட்டுவது: இதுவும் வேண்டாம். அவருக்கு இந்த உலகத்தில் பயமில்லாமல் நிற்கக்கூடிய ஒரே இடம் நீங்கள். வெருட்டிய அன்றோடு அந்த இடமும் போய்விடும்.

பெண் வீட்டுக்குச் சொல்வது: இதில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கலியாணத்துக்கு முதல் தெரிய வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் சொல்ல வேண்டியவர் உங்கள் தம்பி, சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணிடம், அவளுடைய தாய்வழிக் குடியாருக்கும் மாமன்மாருக்கும் இல்லை. நீங்கள் போய்ச் சொன்னால் அது ஒரு நாளில் ஊர்ப் பேச்சாகிவிடும். எப்படிச் சொல்வது என்பதற்குக் கிளினிக்கில் உதவி கேட்கலாம். இருவரையும் ஒன்றாக இருத்தி ஆலோசனை சொல்வது அவர்களுக்குப் பழக்கமான வேலை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, தம்பிக்கு இது சரியாக விளங்கியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அவர் கலியாணம் செய்யலாம். பிள்ளை பெறலாம். மருந்தை விடாமல் எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால், உடலுறவு மூலம் மனைவிக்குத் தொற்றாது. குறையும் என்று சொல்லவில்லை, தொற்றாது. பார்ட்னர் என்ற ஆய்வில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளை, ஆணுறை இல்லாமல் வாழ்ந்தவர்களை, வருஷக்கணக்கில் கவனித்தார்கள். முடிவுகள் 2016இலும் 2019இலும் வந்தன. மருந்தில் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர் கூட இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2019இல் சான்று கொடுத்திருக்கிறது. அப்படியென்றால், கலியாணத்துக்காக ஒளித்து எறிய நினைத்த அந்தக் குளிசைதான் அவரைக் கலியாணம் செய்ய விடப்போகிறது. இதை அவர் வாயால் ஒரு தரம் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

ஆனால் இப்போது அவருடைய ரத்தத்தில் வைரஸ் திரும்பியிருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்தைத் திரும்பத் தொடங்கி, ரத்தம் பரிசோதித்து, அடங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்ல மாதங்கள் எடுக்கும். அதுவரை நாள் குறிக்க விடாதீர்கள். அம்மாவிடம் "இந்த வருஷம் அவனுக்குக் காலம் சரியில்லையாம், வாற வருஷம் பாப்பம்" என்று சொல்லிப் பிற்போடலாம். இந்த ஒன்றை மட்டும் உங்கள் பொறுப்பில் எடுங்கள்.

இனிக் கிளினிக். முதலில் அவர் போன் பண்ணட்டும், "கொஞ்ச நாள் வரல்ல, எப்ப வரலாம்?" என்று கேட்டால் போதும். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். உள்ளே வர வேண்டாம் என்றால் வெளியே மரத்தடியில் இருங்கள். மிச்சக் குளிசையோடு போத்தலையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். எத்தனை எடுக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவர் சரியாக முடிவெடுக்கலாம். அன்று ரத்தம் எடுப்பார்கள். எதிர்ப்புக் கலங்களின் (சி.டி.4) எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே போயிருந்தால் காசநோய் போன்றவை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அப்படி ஒன்று ஒளிந்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு மருந்தைத் தொடங்கினால் உடம்பு குழம்பும். வீட்டில் தானாகத் தொடங்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், இரவில் வேர்த்துக் கொட்டுவது, மெலிவு, விடாத தலையிடி, வாயில் வெள்ளை படர்வது, இதில் ஒன்று இருந்தாலும் தவணை பார்க்காமல் உடனே கூட்டிப் போங்கள். செங்கமாரியை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறவர்களுக்கும் இந்த மருந்தைச் சடுதியாக நிறுத்துவது ஈரலைத் தாக்கலாம், ஏனென்றால் இதிலுள்ள இரண்டு மருந்துகள் அதையும் அடக்கி வைப்பவை.

அவருடைய தடக்கல் எது என்று தெரிந்துவிட்டால் அதை அங்கே வாய்திறந்து சொல்ல வேண்டும். கூலி போகிறதென்றால், நிலைமை சீரான பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்றாக மருந்து தர முடியுமா என்று கேட்கலாம். நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று தொடக்கம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் சிபாரிசும். தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்கிறதென்றால், தாதியிடமோ மருத்துவரிடமோ தனியாகச் சொல்லி நேரத்தை மாற்றலாம். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்து மாவட்டங்களில் இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, மாற்றல் கடிதம் கேட்கலாம். ஆனால் என் அனுபவத்தில் தூரம் கூடக் கூடத் தவணையும் தவறும். பக்கத்தில் இருப்பதைச் சரிப்படுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். எங்கே போனாலும் மருந்துக்குக் காசு இல்லை. 2004 கடைசியிலிருந்து அரசு இதை இலவசமாகத் தருகிறது. சுனாமிக்குப் பிறகு எல்லாம் இழந்து நின்ற நாட்களிலும் இந்தக் குளிசையை விடாமல் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

குளிசையைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். முதலில் தொடங்கியது எஃபாவிரென்ஸ் சேர்ந்த குளிசை என்றால், கெட்ட கனவும் தலைச்சுற்றும் பட்டு அந்த வெறுப்பு இன்னும் இருக்கலாம். இப்போது பெரும்பாலும் கொடுப்பது டொலுடெக்ராவிர் சேர்ந்தது, நாளுக்கு ஒன்று. சிலருக்கு நித்திரை குறையும், காலையில் எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும், மக்னீசியமோ அலுமினியமோ கலந்த குளிசை இதன் வேலையைக் கெடுக்கும். அதற்கு இரண்டு மணித்தியாலம் முதலோ ஆறு மணித்தியாலம் பிறகோதான் இதை எடுக்க வேண்டும். விரத நாளிலும் தண்ணியோடு எடுக்கலாம். நோன்பு பிடிக்கிறவர்கள் சஹரிலோ நோன்பு திறக்கும்போதோ எடுக்கலாம்.

இரவில் அதிகம் குடிக்கிறாரா, "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரிக் கதைக்கிறாரா என்றும் கவனியுங்கள். அப்படி என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லி உதவி கேட்க வேண்டும், பிற்போட வேண்டாம்.

போத்தலுக்கும் ஓர் இடம் வேண்டும். இந்தக் குளிசைக்கு ஈரம் ஆகாது. உள்ளே ஒரு சிறு பையில் ஈரம் உறிஞ்சி இருக்கும், பஞ்சு வைப்பதற்காக அதை எடுத்து எறியக் கூடாது. லேபிளை உரித்துவிட்டு, போத்தலை உங்கள் அலுமாரியில், உங்கள் பெயரில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெண்ணின் அலுமாரியில் ஒரு மருந்துப் போத்தல் இருந்தால் யாரும் பூராயம் கேட்கமாட்டார்கள். இரத்த அமுக்கம் என்று சொல்லிவிடலாம். ஒரு கிழமைக்கானதை மட்டும் அவர் சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கலியாணமான பிறகு, உண்மை தெரிந்த மனைவியின் அலுமாரிக்கு அது போகட்டும்.

அவர் போய்வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மகள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். "பஞ்சு" என்று மட்டும் எழுதினாலே எனக்கு விளங்கும்.